கீசாவில் ஒட்டகமேறிய இளவரசர்: ஒரு சட்டமிட்ட படமும் அதன் தவறான தேதியும்

பழைய படங்களைப் பிரித்து, தூசி தட்டி, மறுபடி சட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். பெரும்பாலும் கல்யாணப் படங்கள், தாத்தா பாட்டி படங்கள், பள்ளிக்கூடக் குழுப் படங்கள்தான் வரும். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்த படம் அந்த வகையில் சேராதது. மணல்வெளி. ஒட்டகங்களின் மேல் தொப்பி போட்ட ஐரோப்பியர்கள். பின்னால் கழுத்துவரை மணலில் புதைந்த ஸ்பிங்க்ஸ் என்ற மனிதத்தலைச் சிங்கச் சிலை, அதற்கும் பின்னால் ஒரு பிரமிடு.

“எங்கப்பா கப்பல்ல வேலை பார்த்தவர் தம்பி. போர்ட் சயித்ல வாங்கினதா சொல்லுவார். ஒரிஜினலா இல்லையான்னு பார்த்துச் சொல்லுங்க. அப்புறம் பூச்சி அரிக்காம பிரேமை மாத்திக் குடுங்க” என்றார்.

பின் அட்டையில் ஒரு சின்னத் தாள் ஒட்டியிருந்தது. நீல மசியில், நிதானமான கையெழுத்தில் ஒரே வரி: “எகிப்து – வேல்ஸ் இளவரசர் – 1869.” டீச்சரின் அப்பா எழுதியது.

ஆக, என் முன்னால் இருந்தவை இரண்டு கேள்விகள். இந்தத் தாள் எப்போது அச்சானது? இந்தப் படம் எப்போது எடுத்தது? பார்ப்பதற்கு ஒரே கேள்வி போலத் தெரியும். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பழைய படங்களுக்குப் பெரும்பாலான தவறான குறிப்புகள் வந்து சேருகின்றன.

சட்டத்தைப் பிரித்தபோது

பிரிப்பதற்கு முன் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொண்டேன். எந்தப் படம் வந்தாலும் இதைச் செய்யாமல் ஆணியில் கை வைப்பதில்லை. ஆணிகள் துருவேறி மரத்தோடு ஒட்டிக்கிடந்தன. பின் அட்டை பழுப்பேறி, விரலால் அழுத்தினாலே உதிர்ந்தது. மலிவான அட்டையில் அமிலம் அதிகம். அது வருடக்கணக்கில் படத்துக்குள் இறங்கும். படத்தின் ஓரமெல்லாம் அட்டையின் அளவுக்குப் பழுப்புக் கோடு விழுந்திருந்ததற்கு அதுதான் காரணம். அதைவிட மோசம், கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே இடைவெளியே விடவில்லை. வலது கீழ் மூலையில் ஈரம் பட்டு, தாள் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. விரலகலம்தான். ஆனாலும் அதை விடுவிக்க ஒரு பகல் முழுக்கப் பிடித்தது. இழுத்திருந்தால் மணலும் ஒரு ஒட்டகத்தின் காலும் கண்ணாடியோடு போயிருக்கும்.

தாள் கைக்கு வந்ததும் லென்ஸை வைத்துப் பார்த்தேன். மணல் மணலாக இல்லை. சின்னச் சின்னப் புள்ளிகள், வரிசை தப்பாமல். வெளிச்சமான இடத்தில் சிறிய புள்ளி, இருட்டான இடத்தில் பெரிய புள்ளி. செய்தித்தாள் படத்தை லென்ஸில் பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி.

19-ஆம் நூற்றாண்டின் அசல் புகைப்பட அச்சில் இந்தப் புள்ளி இருக்காது. அந்தக் காலத்து அச்சுகளில் பெரும்பாலானவை முட்டையின் வெள்ளைக்கரு பூசிய தாளில், சூரிய வெளிச்சத்தில் எடுத்தவை. ஆல்புமென் அச்சு என்று சொல்வார்கள். லென்ஸில் பார்த்தால் பளபளப்பான மேல்பூச்சும், அதற்கு அடியில் தாளின் நாரும் தெரியும். வயதாக ஆக வெளிச்சப் பகுதிகள் மஞ்சளாகும், பூச்சில் முடியிழைபோல வெடிப்பு விழும். நிழல் வெளிச்சமாகவும் வெளிச்சம் நிழலாகவும் மெல்ல மாறுமே தவிர, எங்கேயும் புள்ளியாக உடையாது. புள்ளி என்றால் அச்சகம். புகைப்படத்தைப் புள்ளிகளாக்கி மசியில் அச்சிடும் முறை 1880-களில் உருவாகி, அதன் பிறகுதான் பரவியது.

முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஏதோ புத்தகத்திலோ பத்திரிகையிலோ அச்சான பக்கத்தை வெட்டிச் சட்டம் போட்டு விற்றிருக்கிறார்கள். டீச்சரிடம் தொலைபேசியில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

“சரி. அப்ப படமே பொய்யா?”

“படம் பொய் இல்லை டீச்சர். இந்தத் தாள்தான் பிற்காலத்துத் தாள். படம் நிஜமா எடுத்த படம்.”

“அப்ப என்னிக்கு எடுத்ததுன்னு பார்த்துச் சொல்லுங்க. அப்பா எழுதினது சரியான்னும் பாருங்க.”

சந்தையில் இந்தத் தாளுக்குப் பெரிய விலை கிடைக்காது. ஆனால் வேலையில் எனக்கு ஆர்வம் பிடித்தது இந்த இரண்டாவது கேள்வியில்தான்.

எந்த இளவரசர், எந்த வருடம்

“வேல்ஸ் இளவரசர்” என்பது ஆளின் பெயர் இல்லை, பட்டம். பிரிட்டிஷ் அரசரின் அல்லது அரசியின் வாரிசாகிய மூத்த மகனுக்குக் கொடுப்பது. மகன் அரசரானதும் அது அவருடைய மகனுக்குப் போகும். அதனால் பட்டத்தை மட்டும் எழுதி வைத்த குறிப்பு எந்தத் தலைமுறையையும் சுட்டலாம்.

ஸ்பிங்க்ஸ் உதவிக்கு வந்தது. இன்று கீசாவுக்குப் போனால் நீட்டிய முன்னங்கால்கள் முதல் வால்வரை அதன் முழு உடம்பையும் பார்க்கலாம். நீளம் 73 மீட்டர், உயரம் 20 மீட்டர். அந்த மணலை முழுசாக அள்ளி வெளியேற்றியது 1925 முதல் 1936 வரை பிரெஞ்சுப் பொறியாளர் எமில் பரேஸ் நடத்திய வேலை. அரிப்பெடுத்து மெலிந்திருந்த கழுத்துக்கும் தலைப்பாகைக்கும் சிமென்ட் முட்டுக் கொடுத்ததும் அந்தச் சமயத்தில்தான். டீச்சரின் படத்தில் முட்டும் இல்லை, முன்னங்காலும் இல்லை. மெலிந்த கழுத்தின்மேல் பெரிய தலை உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி இளவரசர்கள் விலகிவிட்டார்கள்.

குறிப்பில் உள்ள 1869-இல் அந்தப் பட்டம் இருந்தது விக்டோரியா அரசியின் மூத்த மகன் ஆல்பர்ட் எட்வர்டிடம். பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னர். டீச்சரின் அப்பா போட்ட வருடம் காற்றில் வந்தது இல்லை. 1869-இல் இவர் உண்மையிலேயே எகிப்துக்குப் போனார். மனைவி அலெக்சாண்ட்ராவும் கூடப் போனார். நைல் நதியில் மேலேறிப் போனார்கள், திறப்பு விழாவுக்குத் தயாராகிக்கொண்டிருந்த சூயஸ் கால்வாயையும் பார்த்தார்கள். சூயஸ் வழியாக வாழ்நாள் முழுக்கப் போய்வந்த ஒரு கப்பல்காரருக்கு அந்த வருடம் நினைவில் நின்றதில் வியப்பில்லை. கால்வாய் திறந்த வருடமும் அதுதானே.

ஆனால் அவர் அதற்கு ஏழு வருடம் முன்பே ஒருமுறை வந்திருந்தார். 1862-இல், 20 வயதில், கல்யாணத்துக்கு முன். 1869-இல் அவருக்குத் தாடி. இந்தப் படத்தில் முகம் புள்ளிகளாக உடைந்துவிடுவதால் தாடியை நம்பி எதையும் சொல்ல முடியவில்லை. பெண்கள் யாரும் தெரியவில்லை என்பதும் பலவீனமான சாட்சிதான், அலெக்சாண்ட்ரா அன்றைக்குக் கூடாரத்தில் ஓய்வெடுத்திருக்கலாம். மணல் மட்டம் ஏழு வருட வித்தியாசத்தைச் சொல்லாது.

முடித்து வைத்தது ஒட்டகங்கள். பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் இந்தக் காட்சியின் அசல் ஆல்புமென் அச்சு இருக்கிறது. இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். எடுத்தவர் பிரான்சிஸ் பெட்ஃபோர்ட், நாள் 1862 மார்ச் 5. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மனிதர்கள் அதே இடத்தில் அதே மாதிரி இன்னொரு நாளும் உட்காரலாம். ஆனால் ஒட்டகத்தின் தலை திரும்பிய கோணம், கால் ஊன்றிய இடம், சேணத்துணியின் மடிப்பு, மணலில் விழுந்த நிழல் எல்லாம் இரண்டு தடவை அப்படியே அமையாது. அத்தனையும் ஒத்துப்போயின. அது 1862 தான்.

ஏன் போனார்

குறிப்பில் எழுத இவ்வளவு போதும். ஆனால் தேதி உறுதியானதும் அந்தப் படத்தை விட்டு நகர முடியவில்லை, ஏனென்றால் 1862 மார்ச் என்பது அந்தக் குடும்பத்துக்குச் சாதாரண மாதம் இல்லை.

இளவரசரின் அப்பா ஆல்பர்ட் 1861 டிசம்பர் 14 அன்று இறந்தார். வயது 42. அதற்குச் சில மாதம் முன்பு அயர்லாந்தில் ராணுவப் பயிற்சிக்குப் போன இடத்தில் மகனுக்கு நெல்லி கிளிஃப்டன் என்ற நடிகையோடு ஏற்பட்ட உறவு வெளியே தெரிந்து, வீட்டில் பெரிய புயல். ஆல்பர்ட் உடம்பு சரியில்லாமலே நவம்பரில் கேம்பிரிட்ஜுக்குப் போய் மகனோடு பேசிவிட்டு வந்தார். மூன்று வாரத்தில் போய்விட்டார். கணவர் இறந்ததற்கு மகன்தான் காரணம் என்று விக்டோரியா நம்பினார். மகனைப் பார்க்கவே அவரால் முடியவில்லை.

கிழக்கு நாடுகளுக்கு மகனை அனுப்பும் திட்டம் ஆல்பர்ட் போட்டது. படிப்பை முடித்து வைக்கும் பயணமாக எகிப்து, புனித பூமி, சிரியா, கான்ஸ்டான்டினோபிள், கிரேக்கம். கணவர் போட்ட திட்டம் அப்படியே நடக்க வேண்டும் என்று அரசி பிடிவாதமாக நின்றார். 1862 பிப்ரவரி தொடக்கத்தில், இழவு வீட்டின் கறுப்பு கலையாத நிலையில், மகன் புறப்பட்டார். பொறுப்பாளராக ஜெனரல் ராபர்ட் புரூஸ், மருத்துவராக மின்ட்டர், பாதிரியாராக ஆர்தர் பென்ரின் ஸ்டான்லி. கூடவே ஒரு புகைப்படக்காரர்.

மார்ச் 4 மாலை பிரமிடுகளுக்கு ஒட்டகத்தில் வந்து அங்கேயே கூடாரம் போட்டுத் தங்கினார்கள். தான் எதிர்பார்த்ததையும் பிரமிடு மிஞ்சிவிட்டது என்ற பொருளில் இளவரசர் தன் நாட்குறிப்பில் எழுதினார். மறுநாள் விடிவதற்கு முன் பெரிய பிரமிடின் மேலே ஏறினார். 146 மீட்டருக்குமேல் எழுப்பிய அந்தக் கட்டடம், மேல்பூச்சுக் கற்களைக் கெய்ரோக்காரர்கள் நூற்றாண்டுக்கணக்கில் எடுத்துக்கொண்டு போனதில் சுமார் 138 மீட்டராகக் குறைந்திருந்தது. வழவழப்பான அந்த மேல்கற்கள் போனதால்தான் படிபோல ஏற முடிந்தது. அந்த நாளில் எடுத்ததுதான் இந்தப் படம்.

படத்தை நன்றாகப் பாருங்கள். யாருமே பிரமிடைப் பார்க்கவில்லை. அன்றைக்கே சுமார் 4,400 வருடம் பழைய கட்டடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள். குழுப் படம் என்றால் அப்படித்தான், கோவில் கோபுரத்துக்கு முன்னால் நாமும் அப்படித்தான் நிற்கிறோம். அந்த வழக்கம் இவ்வளவு பழையது என்பதைக் கண்ணால் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஈரக் கண்ணாடி

பெட்ஃபோர்ட் யார் என்று தெரியாமல் இந்தப் படத்தின் அருமை புரியாது. கட்டடக் கலைஞரின் மகன். கட்டடங்களை வரைந்து கல்லச்சில் ஏற்றுவதில் தேர்ந்தவர், அப்புறம் கேமராவுக்கு வந்தவர். 1857-இல் விக்டோரியா அரசி இவரை ஜெர்மனியில் உள்ள கோபர்க்குக்கு அனுப்பி, கணவரின் சொந்த ஊரைப் படமெடுத்து வரச் செய்து, அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். அந்த நம்பிக்கையில்தான் 1862-இல் மகனோடு அனுப்பினார். அரச சுற்றுப்பயணம் ஒன்றில் கூடவே போன முதல் புகைப்படக்காரர் இவர் என்று சொல்வார்கள்.

அன்றைக்குப் படமெடுப்பது என்ன வேலை என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். ஒரு கண்ணாடித் தகடு, சுமார் 10 அங்குலத்துக்கு 12 அங்குலம். அப்போது பெரிதாக்கிப் பிரதி எடுப்பது வழக்கத்தில் இல்லை. அச்சு எந்த அளவில் வேண்டுமோ கண்ணாடியும் அந்த அளவில் இருக்க வேண்டும். அந்தக் கண்ணாடியில் ஈதரும் ஆல்கஹாலும் கலந்த கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தை ஊற்றி, நான்கு மூலைக்கும் சாய்த்துச் சமமாகப் பரப்ப வேண்டும். அது காய்வதற்குள் இருட்டுக் கூடாரத்துக்குள் வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்க வேண்டும். சொட்டச் சொட்டக் கேமராவுக்குள் வைத்து, சில விநாடி வெளிச்சம் காட்டி, உடனே கூடாரத்துக்கு ஓடி மருந்தூற்றிக் கழுவ வேண்டும். தகடு காய்ந்துவிட்டால் படம் இல்லை. குளிரான லண்டனிலேயே இதற்குக் கிடைப்பது பத்து நிமிடம்போலத்தான். எகிப்தில் அதுவும் கிடையாது. இவருக்குச் சில வருடம் முன் எகிப்தைப் படமெடுத்த பிரான்சிஸ் ஃபிரித், தன் கூடாரத்தின் வெப்பத்தில் கொலோடியன் கொதித்ததாக எழுதியிருக்கிறார். அதற்கு மேல் மணல். ஈரக் கண்ணாடியில் ஒரு மணல் துகள் விழுந்தால் அச்சில் அது ஒரு கறை.

நம் பக்கம் இதே காலத்தில் 1858-இல் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்த லின்னேயஸ் ட்ரைப், பெரும்பாலும் மெழுகேற்றிய காகிதத்தை நெகட்டிவாகப் பயன்படுத்தினார். காகிதத்தை முன்னாடியே தயார் செய்து வைத்துக்கொள்ளலாம், வெயிலுக்குத் தோது. ஆனால் காகிதத்தின் நார் படத்தில் தெரியும். கண்ணாடியில் ஸ்பிங்க்ஸின் கன்னத்தில் உள்ள அரிப்புக் கோடுகள்கூட ஒவ்வொன்றாக விழும். பெட்ஃபோர்ட் சிரமத்தைத் தேர்ந்தெடுத்தது அதற்காகத்தான்.

இத்தனையையும் ஒரு இளவரசரின் நேர அட்டவணைக்குள் செய்ய வேண்டும். இளவரசர் கோவில் பார்த்து முடித்ததும் நீராவிப் படகு கிளம்பிவிடும். நைலில் மேலேறி ஃபிலே, திரும்பும்போது எட்ஃபு, தீப்ஸ் என்று ஒவ்வொரு இடத்திலும் கூடாரத்தைப் பிரித்துக் கட்டி, கண்ணாடியை உடையாமல் காப்பாற்றி, அத்தனையையும் லண்டனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஜூலையில் நியூ பாண்ட் தெருவில் 172 படங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். முழுத் தொகுப்பின் விலை 43 கினி, ஒரு கினி என்பது ஒரு பவுண்டுக்குச் சற்று அதிகம். அந்தக் காலத்தில் வசதியுள்ளவர்கள் மட்டும் எட்டிப்பிடிக்கிற தொகை அது.

கீசா படத்தில் இன்னொரு சங்கடம், ஒட்டகம். மனிதரிடம் “அசையாதீர்கள்” என்று சொல்லலாம். ஒட்டகத்திடம் யார் சொல்வது? சில விநாடி அத்தனை ஒட்டகமும் படத்துக்கு ஈடுகொடுத்து நின்றது பெட்ஃபோர்டின் அதிர்ஷ்டம் இல்லை, அவற்றைப் பிடித்து நிறுத்தியவர்களின் திறமை.

அந்த மார்ச் 5

நாளை உறுதி செய்த பிறகு ஒரு பழக்கமாக, அன்றைக்கு வேறு என்ன நடந்தது என்று பார்ப்பேன். 1862 மார்ச் 5 ஒரு புதன்கிழமை. கிறிஸ்தவர்களுக்குத் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன்.

குழுவின் பாதிரியார் ஸ்டான்லிக்கு இந்தப் பயணத்தில் வர முதலில் மனமில்லை. அவர் கல்யாணம் ஆகாதவர். அம்மா கேத்தரின்தான் அவருக்கு எல்லாம். அரசி கேட்டுக்கொண்டதால் வந்தார். அந்தச் சாம்பல் புதன் அன்று, இங்கே ஸ்பிங்க்ஸ் முன்னால் கண்ணாடித் தகடு ஈரம் காயாமல் நின்ற அதே நாளில், இங்கிலாந்தில் அவர் அம்மா இறந்தார்.

அன்றைக்கு அவருக்குத் தெரியாது. கடிதம் கடல் கடந்து வந்து சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. அப்பாவை இழந்த பையனோடு அம்மாவை இழந்தவர் ஜெருசலேம்வரை, அதற்கு அப்பாலும் போனார்.

பொறுப்பாளர் ஜெனரல் புரூஸ் யோர்தான் நதியின் மேற்பகுதிச் சதுப்பில் காய்ச்சல் கண்டு, லண்டன் திரும்பி ஜூன் 27 அன்று இறந்தார். ஊர் திரும்பி இரண்டு வாரம்கூட முழுதாக ஆகவில்லை. அடுத்த வருடம் டிசம்பரில் ஸ்டான்லி, புரூஸின் தங்கை அகஸ்டாவைக் கல்யாணம் செய்துகொண்டார். இதெல்லாம் படத்தில் இல்லை. ஆனால் நாளைத் தெரிந்துகொண்ட பிறகு, ஒட்டகத்தின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் அந்த ஆட்களை முன்போல வெறும் தொப்பிகளாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

படம் சொல்லாதவர்கள்

அரச சேகரிப்பின் பதிவில் இளவரசருக்குப் பெயர் இருக்கிறது. கூட வந்தவர்களுக்கும் இருக்கிறது. ஒட்டகங்களை ஓட்டி வந்து, படம் முடியும்வரை சட்டத்துக்கு உள்ளேயோ வெளியேயோ நின்ற கீசா ஆட்களுக்கு இல்லை. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் குறைதான். அன்றைய எகிப்தை ஆண்ட சயீத் பாஷா இளவரசருக்குப் படகும் பரிவாரமும் கொடுத்து உபசரித்தார். அதே நாட்களில் அவர் உத்தரவின்பேரில் மாதம் சுமார் 20,000 விவசாயிகள் சூயஸ் கால்வாய் வெட்டக் கட்டாய வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இளவரசரின் ஆட்கள் அன்று விருந்தாளிகள். 20 வருடம் கழித்து, 1882-இல், பிரிட்டிஷ் படை எகிப்தைப் பிடித்தது.

இளவரசர் ஊருக்குக் கொண்டுபோன பொருள்களில் நெஸ்மின் என்ற பழங்கால எகிப்தியரின் பாப்பிரஸ் சுருளும் ஒன்று. சூரியன் இரவில் பாதாள உலகத்தின் 12 மணி நேரத்தைக் கடக்கும் பயணத்தைச் சொல்வது. இறந்தவருக்கு வழித்துணையாக வைத்தது அது. இப்போது பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் இருக்கிறது. அது எகிப்தில் இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

படம் எடுத்தவர்கள் நினைக்காத ஒரு நன்மையும் இதில் உண்டு. 1850-களில் பிரெஞ்சுத் தொல்லியலாளர் ஒகுஸ்த் மரியேத் ஸ்பிங்க்ஸைச் சுற்றி மணலை அள்ளினார். சில வருடத்துக்குள் மணல் எவ்வளவு திரும்பி வந்தது என்பதற்கு தேதி போட்ட சாட்சி இந்தப் படம். கழுத்தின் அரிப்பு சிமென்ட்டுக்கு முன் எப்படி இருந்தது என்பதற்கும் சாட்சி. இளவரசரின் பயணத்தைப் படமெடுக்கத்தான் அரசி பெட்ஃபோர்டை அனுப்பினார். எனக்கு இதில் இளவரசரைவிட அந்தக் கழுத்துதான் விலை உயர்ந்தது.

குறிப்பும் சட்டமும்

அமிலமில்லாத அட்டை, படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுன்ட் இடைவெளி, பின்னால் தூசி புகாமல் தாள் ஒட்டு. மரச்சட்டம் நன்றாக இருந்ததால் அதையே துடைத்துப் போட்டேன். பழுப்புக் கோட்டை வெளுக்க முயலவில்லை. அச்சகத் தாளை வெளுத்தால் தாள் பலமிழக்கலாம்.

அப்பாவின் கையெழுத்துத் தாளை என்ன செய்வது என்று டீச்சரைக் கேட்டேன். வருடம் தவறு என்றும் சொன்னேன்.

“ஏழு வருஷம்தானே தம்பி தப்பு? ஆளு சரிதானே?”

“ஆளு சரி. அவரேதான். 1875-ல இந்தியாவுக்கு வந்தப்ப கொழும்புலேர்ந்து தூத்துக்குடி வந்து, மதுரை, திருச்சி எல்லாம் போனவர்.”

“மதுரைக்கா?” என்று சிரித்தார். “அப்ப அந்தத் தாளைக் கிழிக்காதீங்க. கீழ நீங்க உங்க கணக்கை எழுதி ஒட்டிடுங்க.”

தாளை ஆவி காட்டி எடுத்து, தெளிவான பாலியெஸ்டர் உறைக்குள் வைத்துப் பின்பக்கம் பொருத்தினேன். அதன் கீழே நான் எழுதியது இது:

“கீசா, எகிப்து. 1862 மார்ச் 5. வேல்ஸ் இளவரசர் ஆல்பர்ட் எட்வர்டும், பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னர், உடன் வந்தவர்களும். எடுத்தவர் பிரான்சிஸ் பெட்ஃபோர்ட். ஒட்டகம் ஓட்டியவர்களின் பெயர்கள் பதிவாகவில்லை. இந்தத் தாள் பிற்கால அச்சகப் பிரதி. மேலே உள்ள குறிப்பு போர்ட் சயித்தில் இதை வாங்கியவர் எழுதியது.”

படத்தை வாங்க வந்தபோது டீச்சர் எல்லாவற்றையும் கேட்டார். சாம்பல் புதன் பற்றிச் சொன்னதும் மற்றதை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார்.

“அம்மா போனது தெரியாம உக்காந்திருக்கிற பிள்ளை இதுல எது?”

அன்று ஸ்டான்லி குழுவோடு இருந்தார் என்றும், இந்தத் தாளில் முகத்தை அடையாளம் சொல்ல முடியாது என்றும் சொன்னேன். லென்ஸைக் கேட்டு வாங்கினார். ஒவ்வொரு தொப்பிக்குக் கீழும் வைத்துப் பார்த்தார். கிட்டே போனதும் முகம் புள்ளிகளாகிவிடும். லென்ஸைக் கொஞ்சம் உயர்த்தி, முகம் திரும்பி வரும்வரை பொறுத்து, அடுத்த ஆளுக்குப் போனார்.